ஃபார்முலா கார்ப் பந்தயத்தில் மாஸ்டர்ஸ் பிரிவு: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திறந்த சக்கரமும் ஒற்றை இருக்கையும் கொண்ட ஃபார்முலா கார்களின் அமெச்சூர் பந்தயங்களில் 45 வயதைத் தாண்டியவர்களுக்கென்று ஒரு மாஸ்டர்ஸ் பிரிவு வேண்டும் என்று கொழும்பில் நாங்கள் சிலர் கொஞ்சக் காலமாகக் கதைத்து வருகிறோம். யோசனை இவ்வளவுதான்: அதே கார், அதே ரேஸ், அதே கொடிகள், முடிவுப் பட்டியலில் மட்டும் இன்னொரு வரிசை. இதைக் கேள்விப்பட்டவர்கள் திருப்பிக் கேட்ட கேள்விகளைத்தான் கீழே தொகுத்திருக்கிறேன். சில நக்கலாகக் கேட்கப்பட்டவை. அவற்றையும் விடவில்லை.

மாஸ்டர்ஸ் பிரிவு என்றால் சரியாக என்ன?

ஒரு ரேஸில் 18 கார் ஓடுகிறது என்று வையுங்கள். அதில் 6 பேர் 45 வயதுக்கு மேற்பட்டவர்கள். எல்லாரும் தொடக்க இடத்தை முடிவு செய்யும் தகுதிச் சுற்றை ஒன்றாகத்தான் ஓடுவார்கள், கிரிட் எனும் தொடக்க வரிசையில் ஒன்றாகத்தான் நிற்பார்கள், ஒரே விளக்குக்குத்தான் கிளம்புவார்கள். ரேஸ் முடிந்த பிறகு இரண்டு பட்டியல் வரும். ஒன்று 18 பேருக்குமான பொதுப் பட்டியல். மற்றது அந்த 6 பேருக்குள் யார் முதல், யார் இரண்டாவது என்ற பட்டியல். பொதுவில் 7ஆவதாக வந்தவர் மாஸ்டர்ஸில் வெற்றியாளராக இருக்கலாம். அவருக்கு ஒரு கிண்ணம், மேடையில் ஒரு படம், பருவ முடிவில் ஒரு பட்டம்.

காரின் மூக்கிலும் பக்கவாட்டிலும் 'எம்' என்று ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பார்வையாளருக்கும் கொமென்டரி சொல்பவருக்கும் அடையாளம் தெரிய அதுவே போதும்.

அப்படியென்றால் அங்கிள்மாருக்கு ஆறுதல் பரிசா?

இதைக் கேட்ட தம்பிக்கு 22 வயது. அவருக்கு என் பதில்: நீங்கள் நிற்கும் கிரிட்டை உங்களுக்குப் பின்னால் நிற்கும் அங்கிள்மார்தான் நிரப்புகிறார்கள். அமெச்சூர் பந்தயத்தில் விளம்பரதாரர் காசு மிகக் குறைவு. பதிவுக் கட்டணம், கார் வாடகை, டயர் எல்லாம் ஓட்டுபவரின் சொந்தப் பையிலிருந்து வருகிறது. பிள்ளைகளின் படிப்புச் செலவு ஓய்ந்து, கடையோ கம்பனியோ ஓரளவு தானாக ஓடத் தொடங்கிய வயதில்தான் பெரும்பாலானோருக்கு அந்தப் பை நிறைகிறது. அவர்கள் வராவிட்டால் 18 கார் ரேஸ் 12 கார் ரேஸாகும். 12 கார் இருந்தால் ஏற்பாட்டாளர் அடுத்த முறை அந்த வகுப்பையே அட்டவணையிலிருந்து எடுத்துவிடுவார்.

அப்புறம், வயது வந்தாலே வேகம் போய்விடும் என்பதும் அவ்வளவு சரியில்லை. ஜுவான் மனுவல் ஃபான்ஜியோ 1957இல் ஐந்தாவது முறை உலக சாம்பியன் ஆனபோது அவருக்கு 46 வயது. 1951 பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் அவரோடு காரைப் பகிர்ந்து வென்ற லூயிஜி ஃபாஜியோலிக்கு 53. நடிகர் பால் நியூமன் 70 வயதில் 1995 டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் வென்ற அணியில் ஓட்டினார். நம்முடைய ஆட்களுக்கு உதாரணம் வேண்டுமென்றால் அஜித் குமார் இருக்கிறார். 1971இல் பிறந்தவர், ஃபார்முலா மாருதி, ஃபார்முலா பிஎம்டபிள்யூ ஆசியா, 2010இல் ஃபார்முலா 2 என்று ஓட்டியவர், 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்குச் சொந்த அணியோடு போனார். அந்த அணி போர்ஷே 992 கார்களுக்கான பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. வெள்ளவத்தையில் அன்றைக்கு வெடி கொளுத்தாத குறைதான்.

இவர்களெல்லாம் விதிவிலக்குகள் என்பதும் உண்மை. சாதாரண 50 வயதுக்காரர் வார நாளில் அலுவலகம் போகிறார். 19 வயதுப் பெடியன் தினமும் சிமுலேட்டரில் இருக்கிறான். இருவரும் ஒரே கிண்ணத்துக்கு ஓடினால் முடிவு ஊருக்கே தெரியும். தோற்பதற்கென்றே ஒரு மனிதர் எத்தனை வருடம் காசு கட்டுவார்?

இலங்கையில் ஃபார்முலா கார் எங்கே ஓடுகிறது? இது ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூவா?

நியாயமான கேள்வி. இங்கே பந்தயப் பாரம்பரியம் பழையது. நுவரெலியாவின் மஹகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயம் 1934இலிருந்து நடக்கிறது. ஏப்ரல் பருவத்தில் மலையகத்துக்குப் போகிறவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்த விமான ஓடுபாதையில் கார்கள் ஓடியிருக்கின்றன. தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில்லில் செம்மண் பறக்கும். ஆனால் இவற்றில் பெரும்பகுதி சலூன் கார்களும் மோட்டார் சைக்கிள்களும்தான். திறந்த சக்கரம் கொண்ட ஒற்றை இருக்கைக் கார்கள் தொகையாக நின்று சுற்றுப் பந்தயம் ஓடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் விமானம் ஏறத்தான் வேண்டும்.

நல்ல வேளை, தூரம் அதிகமில்லை. கட்டுநாயக்காவிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் சென்னை. இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கட்டிய 3.7 கிலோமீட்டர் ஓடுபாதை. கோயம்புத்தூரில் 2.1 கிலோமீட்டர் கரி மோட்டார் ஸ்பீட்வே. கரிவர்தன் என்ற கோயம்புத்தூர்க்காரர் மாருதி 800இன் எஞ்சினை வைத்துக் குறைந்த செலவில் ஒற்றை இருக்கைக் கார் செய்து, இந்தியாவில் சாதாரண ஆட்களும் ஃபார்முலா ஓட்டலாம் என்று காட்டினார். 1995இல் விமான விபத்தில் இறந்தார். ஓடுபாதைக்கு அவர் பெயர் வைத்தது அதனால்தான். இன்றைக்கு அங்கே எல்ஜிபி ஃபார்முலா 4 போல எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கார் உள்ள வகுப்புகள் இருக்கின்றன. கையை வீசிக்கொண்டு போய், அணியிடம் காரை வாடகைக்கு எடுத்து ஓட்டிவிட்டுத் திரும்பலாம். கொழும்பிலிருந்து ஆசைப்படுகிறவர்களுக்கு அதுதான் நடைமுறையான வழி. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், சொந்தமாக ஒரு ஃபார்முலா கார் இறக்குவது எத்தனை பேருக்குக் கட்டுப்படியாகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே இந்த யோசனை முதலில் அங்குள்ள அமெச்சூர் தொடர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. இங்கே ஒரு நாள் ஃபார்முலா வகுப்பு வந்தால் அதற்கும் அப்படியே பொருந்தும். சலூன் கார் வகுப்புகளுக்கு இப்போதே பொருந்தும்.

உலகத்தில் வேறு யாராவது இதைச் செய்கிறார்களா?

நிறையப் பேர். ஜப்பானில் சூப்பர் ஃபார்முலா லைட்ஸ், ஃபார்முலா ரீஜனல் இரண்டிலும் மாஸ்டர்ஸ் பிரிவு உண்டு. வேகம் கூடிய ஒற்றை இருக்கைக் கார்களில், நாளைய தொழில்முறைப் பெடியன்களோடு ஒரே ரேஸில், தொழில் பார்க்கும் நடுத்தர வயதுக்காரர்கள் ஓட்டுகிறார்கள். வட அமெரிக்க போர்ஷே கரேரா கப்பிலும் மாஸ்டர்ஸ் இருக்கிறது. கார்ட்டிங்கில் ரோடக்ஸ் டிடி2 மாஸ்டர்ஸ் 32 வயதிலேயே தொடங்குகிறது. 32 என்றதும் சிரிக்க வேண்டாம். கார்ட்டிங்கில் 8 வயதில் தொடங்கியவனுக்கு 32 என்பது கிட்டத்தட்டக் கால் நூற்றாண்டு அனுபவம்.

ஸ்போர்ட்ஸ் கார்கள் ஓடும் ஜிடி பந்தயங்களில், உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. வேறொரு வழி வைத்திருக்கிறது. ஓட்டுநர்களை பிளாட்டினம், கோல்ட், சில்வர், பிரான்ஸ் என்று தரம் பிரிக்கிறார்கள். அதில் பெற்ற வெற்றிகளோடு வயதும் கணக்கில் வரும். அது பெரிய நிர்வாகம். கிளப் மட்டத்தில் அதைச் செய்யப் போனால் ரேஸ் நடக்காது, மேன்முறையீடுதான் நடக்கும்.

ஏன் 45? ஏன் 40 இல்லை, 50 இல்லை?

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது. கேட்டவர்களில் பாதிப் பேருக்கு 42, 43 வயது என்பதைக் கவனித்தேன்.

40 என்று வைத்தால் பிரிவு கூட்டமாக இருக்கும், ஆனால் அதற்குள்ளேயே இரண்டு உலகம் வந்துவிடும். 41 வயதில் நல்ல உடம்போடு இருப்பவர் பொதுப் பட்டியலிலேயே முதல் ஐந்துக்குள் வரக்கூடியவர். ஃபெர்னாண்டோ அலோன்ஸோ 1981இல் பிறந்தவர். 40ஐத் தாண்டியும் ஃபார்முலா 1 மேடையில் ஏறியிருக்கிறார். 50 என்று வைத்தால் நியாயமாக இருக்கும், ஆனால் ஆள் கிடைக்காது. இரண்டு பேர் மட்டுமே உள்ள பிரிவில் ஒருவர் எப்போதும் வெற்றியாளர், மற்றவர் எப்போதும் இரண்டாவது. அது யாருக்கும் பெருமையில்லை.

45க்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சர்வதேச லைசன்ஸுக்கான எஃப்.ஐ.ஏ. மருத்துவ விதிகளில் 45க்கு மேல் பரிசோதனை கூடுகிறது. பிரிவுக்கும் மருத்துவத்துக்கும் ஒரே எல்லை இருந்தால் பதிவு மேசையில் இருப்பவருக்கு வேலை சுலபம்: 'எம்' ஸ்டிக்கர் கேட்பவரிடம் ஈ.சி.ஜி. அறிக்கையையும் கேட்டால் சரி.

60க்கு மேல் இன்னொரு உட்பிரிவு வைக்கலாமே என்றும் ஒருவர் கேட்டார். வேண்டாம். பிரிவுகளை வெங்காயம் போல உரித்துக்கொண்டே போனால் கடைசியில் எல்லாருக்கும் கிண்ணம் இருக்கும், ரேஸ் இருக்காது.

வயதை எந்தத் திகதியில் கணக்கெடுப்பது?

அந்த ஆண்டு டிசம்பர் 31க்குள் 45 ஆகிறவர் ஜனவரியிலிருந்தே மாஸ்டர்ஸில் ஓடலாம். பருவத்தின் நடுவில் பிறந்தநாள் வந்து பாதிப் புள்ளி அங்கே, பாதிப் புள்ளி இங்கே என்று தொங்குவதை இது தடுக்கும். கடவுச்சீட்டு அல்லது தேசிய அடையாள அட்டை காட்டினால் போதும்.

புள்ளிகள் எப்படி?

பொதுப் பட்டியலில் என்ன அளவுகோலோ அதே அளவுகோல், மாஸ்டர்ஸ்காரர்களுக்குள் மட்டும் மறுபடி எண்ணப்படும். 25, 18, 15, 12 என்ற முறை ஓடுகிறதென்றால் மாஸ்டர்ஸில் முதலாவதாக வந்தவருக்கு 25. பொதுவில் அவர் 7ஆவது என்றால் பொதுக் கணக்கில் அவருக்கு 6 புள்ளி. இரண்டும் தனித்தனிக் கணக்கு, ஒன்று மற்றதைத் தொடாது.

பொதுப் புள்ளிகளையே எடுத்து மாஸ்டர்ஸுக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வந்தது. எழுதச் சுலபம், ஆனால் ஒட்டாது. பொதுவில் 11, 13, 15 என்று வந்த மூவருக்கும் பூச்சியம்தான் கிடைக்கும். அவர்கள் தங்களுக்குள் 20 நிமிடம் சக்கரத்தோடு சக்கரம் வைத்து ஓடியதற்குப் பட்டியலில் ஒரு தடயமும் இருக்காது.

பொதுவில் மேடையேறியவர் மாஸ்டர்ஸ் கிண்ணத்தையும் எடுக்கலாமா? எடுக்கட்டும். 48 வயதில் பெடியன்களை முந்தி மூன்றாவதாக வந்தவரிடம் ஒரு கிண்ணத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்க நான் போகமாட்டேன்.

ஆட்கள் வராவிட்டால்?

ஒரு ரேஸில் மாஸ்டர்ஸ்காரர்கள் மூவருக்குக் குறைவாக இருந்தால் பாதிப் புள்ளி. கிண்ணம் முதலாமவருக்கு மட்டும். ஒருவர் மட்டுமே வந்தால் புள்ளி உண்டு, கிண்ணம் இல்லை. பருவப் பட்டத்துக்கு மொத்த ரேஸ்களில் பாதியாவது ஓடியிருக்க வேண்டும்.

பழைய சாம்பியன் ஒருவர் 45 ஆனதும் வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனால்?

உண்மையான ஓட்டை இங்கேதான் இருக்கிறது. உதாரணத்துக்கு, நரேன் கார்த்திகேயன் 1977இல் பிறந்தவர். 2005இல் ஜோர்டன் அணியில் ஃபார்முலா 1 ஓட்டியவர். வயதை மட்டும் பார்த்தால் அவர் மாஸ்டர்ஸுக்குத் தகுதியானவர். அவர் வந்து ஓட்டினால் எங்களில் பலர் காரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுக் கைதட்டுவோம். ஆனால் வெள்ளவத்தையில் ஹார்ட்வெயார் கடை நடத்துகிறவரின் பருவப் பட்டம் அன்றோடு போச்சு.

மூன்று வழிகளை யோசித்தோம். ஒன்று, வெற்றி பெறுகிறவருக்கு எடை கூட்டுவது. ஒரே மாதிரிக் கார் ஓடும் தொடரில் ஒரு பிரிவுக்கு மட்டும் எடை கட்டினால் பொதுப் பட்டியல் குழம்பும். இரண்டு, தகுதிச் சுற்று நேரத்தை வைத்துப் பிரிப்பது. அப்படிச் செய்தால் காலையில் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டிவிட்டு மாலையில் பறக்கிற ஆட்கள் வருவார்கள். அந்தக் கலையில் நம்மவர்களுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. மூன்று, கடந்த காலத்தைப் பார்ப்பது. இதைத்தான் பரிந்துரைத்திருக்கிறோம்: எஃப்.ஐ.ஏ. பிளாட்டினம் அல்லது கோல்ட் தரம் உள்ளவர், அல்லது கடைசி 10 ஆண்டுகளில் தேசிய ஒற்றை இருக்கைத் தொடர் ஒன்றில் மொத்தத்தில் முதல் மூன்றுக்குள் வந்தவர், மாஸ்டர்ஸ் புள்ளி பெற முடியாது. அவர் பொதுப் பட்டியலில் ஓடத் தடையில்லை.

10 ஆண்டுக்கு முன் வென்றவர்? அவருக்கு இடம் கொடுப்போம். 33 வயதில் சாம்பியனாக இருந்து, பிறகு குடும்பம், கடை என்று விட்டுவிட்டு 47இல் திரும்புகிறவர்தான் இந்தப் பிரிவுக்கு ஏற்ற ஆள்.

தனி ரேஸே வைத்துவிடலாமே?

6 காருக்காக 20 நிமிட ஓடுபாதை நேரம், அம்புலன்ஸ், ஓடுபாதையோரம் கொடி காட்டும் மார்ஷல்கள், தீயணைப்பு? எந்த ஏற்பாட்டாளரும் சம்மதிக்கமாட்டார். அது தவிர, பெடியன்களோடு ஒன்றாக ஓடுவதில்தான் வயதானவர் வேகம் கற்கிறார். முன்னால் போகிறவன் எங்கே பிரேக் பிடிக்கிறான் என்று பார்ப்பதற்கு மேல் ஒரு பாடம் இல்லை.

மெதுவான வயதானவர்கள் கிரிட்டில் இருந்தால் ஆபத்தில்லையா?

மெதுவாக ஓடுவதை விட, எதிர்பாராத விதமாக ஓடுவதுதான் ஆபத்து. 20 வயதிலும் அப்படி ஓடுகிறவர்கள் உண்டு.

ஃபார்முலா காரில் இது சலூன் காரை விடப் பல மடங்கு முக்கியம். காரணம் அந்தத் திறந்த சக்கரங்கள். முன்னால் போகும் காரின் பின் டயரைப் பாருங்கள். கார் முன்னோக்கி உருளும்போது அந்த டயரின் பின்பக்கம் தரையிலிருந்து மேல்நோக்கிச் சுழல்கிறது. பின்னால் வருபவரின் முன் டயர் அதில் தொட்டால், அது இவரின் காரை அப்படியே மேலே ஏற்றி எறிந்துவிடும். கட்டுக்குருந்தவில் கதவோடு கதவு உரசி, பக்கக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு, பிறகு பஞ்சிகாவத்தையில் புதுக் கண்ணாடி தேடிப் பழகிய ஆட்கள் இதை முதலில் மறக்க வேண்டும். ஒற்றை இருக்கைக் காரில் உரசல் என்று ஒன்று கிடையாது.

எனவே வேகத்துக்கு ஒரு அடிமட்டம் வைத்திருக்கிறோம், அது எல்லா வயதுக்கும் ஒன்றே: தகுதிச் சுற்றில் முதலாவதாக வந்தவரின் நேரத்தின் 115 சதவீதத்துக்குள் ஓட வேண்டும். ஃபார்முலா 1இல் இது 107 சதவீதம். கிளப் மட்டத்துக்கு 115 போதும். அதற்குள் வராதவர் 25 வயதானாலும் 65 வயதானாலும் அன்றைய ரேஸில் இல்லை. நீலக் கொடி காட்டினால் மாஸ்டர்ஸ் முன்னணியில் இருப்பவரும் வழிவிட வேண்டும். தன் பிரிவில் முதலிடம் என்பதற்காகச் சலுகை இல்லை.

வைத்தியப் பரிசோதனை எவ்வளவு கடுமை?

எஃப்.ஐ.ஏ.யின் பின்னிணைப்பு 'எல்', சர்வதேச லைசன்ஸ் எடுக்கும் 45 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஸ்ட்ரெஸ் ஈ.சி.ஜி. கேட்கிறது. டிரெட்மில்லில் ஓடவிட்டோ சைக்கிள் மிதிக்கவிட்டோ இதயத்தைப் பார்ப்பது. கிளப் ரேஸுக்கு இது கட்டாயமில்லாத இடங்களிலும் மாஸ்டர்ஸ் பதிவுக்கு நாங்கள் கேட்கிறோம். படுத்திருக்கும்போது எடுக்கும் சாதாரண ஈ.சி.ஜி. போதாது. ரேஸில் இதயம் படுத்திருப்பதில்லை. கிரிட்டில் நிற்கும்போதே துடிப்பு ஏறிவிடும், ஓடும்போது நிமிடத்துக்கு 150ஐத் தாண்டுவது சாதாரணம்.

அதோடு வெக்கை. தீப்பிடிக்காத உள்ளாடை, அதன் மேல் உடுப்பு, முகமூடித் துணி, ஹெல்மெட், கையுறை, எல்லாம் போட்டுக்கொண்டு இருங்காட்டுக்கோட்டை வெயிலில் கிரிட்டில் காத்திருக்க வேண்டும். கொழும்பின் புழுக்கத்துக்குப் பழகிய உடம்புதான், ஆனால் மின்விசிறிக்குக் கீழே பழகிய உடம்பு. முதல் நாளிலிருந்தே தண்ணீர் குடியுங்கள். இளநீர் நல்லது. ரேஸ் காலையில் பிளேன்டீயை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

பிரஷர் குளிசை எடுக்கிறேன். ஓட்டலாமா?

இதைப் பொறுமையாக வாசியுங்கள், ஏனென்றால் பலருக்கு இது தெரிவதில்லை.

உயர் இரத்த அழுத்தத்துக்குத் தரும் பீட்டா பிளாக்கர் வகை மருந்துகள், அதாவது அட்டெனோலோல், பைசோபிரோலோல் போன்றவை, இதயத் துடிப்பையும் கை நடுக்கத்தையும் குறைக்கும். அதனால் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவர் நிலையமான வாடா, போட்டி நேரத்தில் அவற்றைத் தடைசெய்திருக்கும் சில விளையாட்டுகளில் எஃப்.ஐ.ஏ.யின் கார்ப் பந்தயமும் ஒன்று. அம்பெய்தல், துப்பாக்கி சுடுதல், பிறகு நாங்கள். பிரஷருக்குத் தரும் இன்னொரு வகையான, சிறுநீரைக் கூட்டும் மருந்துகளும் தடைப்பட்டியலில் உண்டு. அவை பல நேரம் வேறொரு மருந்தோடு ஒரே குளிசையில் கலந்து வரும். பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தால்தான் தெரியும். சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுகிறவர்களுக்கும் இதே கதை.

இதற்காக யாரும் மருந்தை நிறுத்தக் கூடாது. ரேஸுக்காக இரண்டு நாள் பிரஷர் குளிசையை விடுவது, ரேஸ் ஓட்டுவதை விட ஆபத்தான காரியம். வழி இரண்டு. வேறு வகை மருந்துக்கு மாறலாமா என்று உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். முடியாதென்றால் சிகிச்சைக்கான விதிவிலக்கு அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். இலங்கையில் 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த ஊக்கமருந்துத் தடுப்பு முகவர் நிலையம் இதைக் கவனிக்கிறது. கிளப் ரேஸில் யார் வந்து சோதிக்கப் போகிறார்கள் என்று கேட்காதீர்கள். லைசன்ஸில் கையெழுத்துப் போடும்போதே அந்த விதிகளுக்கும் சேர்த்துத்தான் போடுகிறீர்கள்.

இன்சுலின் எடுப்பவர்களுக்கு விதியை விடப் பெரிய விஷயம், ஓட்டும்போது சீனி இறங்குவது. வைத்தியரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் இவர்களைப் பதியமாட்டோம்.

மூக்குக் கண்ணாடியோடு ஓட்டலாமா?

ஓட்டலாம். காது மேல் வரும் தண்டு நேராகவும் மெல்லியதாகவும் இருக்கட்டும். வளைந்த தண்டு ஹெல்மெட்டுக்குள் சண்டை பிடிக்கும். வாசிப்புக்கும் தூரத்துக்கும் சேர்த்த இரட்டைக் கண்ணாடியைத் தவிருங்கள். கீழ்ப்பகுதி வழியாகப் பக்கக் கண்ணாடியைப் பார்த்தால் பின்னால் வரும் கார் மங்கும். டாஷில் உள்ள சின்ன எழுத்து தெரியவில்லையென்றால் விடுங்கள், கியர் மாற்றச் சொல்லும் விளக்கு தெரிந்தால் போதும்.

காருக்குள் ஏறிவிட்டேன். எப்படி இறங்குவது?

சிரிப்பாகத்தான் கேட்டார், ஆனால் பரிசோதகர் கேட்கப்போகும் முதல் கேள்வி இதுதான். ஃபார்முலா காரில் நீங்கள் இருக்கவில்லை, கிடக்கிறீர்கள். கால்கள் பெடல் வரை நேராக நீண்டிருக்கும், முழங்கால் மடக்க இடமில்லை. இறங்கும் வரிசை இப்படி: ஸ்டீயரிங்கின் பின்னாலுள்ள வளையத்தை இழுத்து அதைக் கழற்றி வெளியே வைக்க வேண்டும். ஆறு முனைப் பெல்டின் நடுப் பூட்டைத் திருப்ப வேண்டும். ஹான்ஸ் கழுத்துக் காப்பு ஹெல்மெட்டோடு சேர்ந்து உங்களோடேயே வரும், அதைக் கழற்ற நினைத்து நேரத்தை வீணாக்காதீர்கள். பிறகு இரண்டு கைகளையும் கொக்பிட் ஓரத்தில் ஊன்றி இடுப்பைத் தூக்க வேண்டும். இங்கேதான் 50 வயது தெரியும். வயிறு ஸ்டீயரிங் தண்டில் மாட்டும், முழங்கால் டாஷின் கீழ் விளிம்பில் இடிக்கும், கை நடுங்கும். இடுப்பு இருக்கையின் மேல் வந்த பிறகுதான் கால் வெளியே வரும்.

மாஸ்டர்ஸ் பதிவுக்கு இதை 10 விநாடிக்குள் செய்து காட்ட வேண்டும், முழு உடுப்போடு, யாரும் கைகொடுக்காமல். கார் தீப்பிடித்தால் மார்ஷல் ஓடிவர நேரமாகும். வீட்டில் பழக விரும்பினால் இரண்டு கதிரைகளுக்கு நடுவில் தரையில் கால் நீட்டி இருந்து, கைகளை மட்டும் ஊன்றி எழும்பிப் பாருங்கள். பத்து முறை முடிந்தால் பிரச்சினையில்லை.

நான் 92 கிலோ. பெடியன் 58 கிலோ. இது எப்படி நியாயம்?

காரும் ஓட்டுபவரும் சேர்ந்த குறைந்தபட்ச எடை என்ற விதி உள்ள தொடரில், இலேசான பெடியன் ஈயக் கட்டியோடு ஓடுவான். ஆனால் அந்த எல்லை பெரும்பாலும் 80 கிலோ ஆளை மனதில் வைத்து எழுதப்படுகிறது. மிச்சத்தை நீங்கள்தான் குறைக்க வேண்டும்.

பெண்களுக்கு?

அதே 45, அதே விதிகள்.

இதனால் இளம் பிள்ளைகளின் இடம் பறிபோகாதா?

கிரிட் நிரம்பி வழியும் தொடர் என்றால் இந்தக் கவலை நியாயம். அமெச்சூர் ஃபார்முலாவில் அப்படி நிரம்பி வழிவதை நான் அதிகம் பார்த்ததில்லை. அப்படி நடந்தால், இடம் தகுதிச் சுற்று நேரத்தின்படி போகட்டும், மாஸ்டர்ஸுக்கு ஒதுக்கீடு வேண்டாம். இந்தியாவில் புதியவர்களுக்கென்று நோவிஸ் கப் இருக்கிறது. அதை யாரும் மற்றவர்களின் இடத்தைப் பறிப்பதாகச் சொல்வதில்லை. ஏணியின் கீழ்ப்படிக்குக் கொடுக்கும் மரியாதையில் கொஞ்சம் மேல்படியில் நிற்பவர்களுக்கும்.

ஏற்பாட்டாளருக்கு என்ன செலவு?

சில கிண்ணங்கள், ஒரு சுருள் ஸ்டிக்கர். நேரக் கணிப்பு மென்பொருளில் பிரிவுகளைப் பிரிக்கும் வசதி ஏற்கெனவே இருக்கிறது; ஒரு எழுத்தைத் தட்டினால் இரண்டாவது பட்டியல் தானாக வரும். மேடையில் கூடுதலாக ஐந்து நிமிடம். ஒரு ஆள் புதிதாகப் பதிந்தாலே போட்ட காசு வந்துவிடும்.

வெளிநாட்டில் ஓட இங்கிருந்து அனுமதி வேண்டுமா?

வேண்டும். உங்கள் லைசன்ஸ் எந்த நாட்டு அமைப்பு கொடுத்ததோ, அந்த அமைப்பின் சம்மதக் கடிதம் இல்லாமல் வேறு நாட்டில் ஓட முடியாது. இது வயதைப் பொறுத்ததல்ல. விமான டிக்கெட் எடுக்கும் முன் இதை எடுங்கள். தலைகீழாகச் செய்து சென்னையில் பார்வையாளராக நின்றவர்கள் உண்டு.

எனக்கு 51. ஒருநாளும் ரேஸ் ஓட்டியதில்லை. எங்கே தொடங்குவது?

பண்டாரகம கார்ட்டிங் ஓடுபாதையில். வாடகைக் கார்ட்தான், பரவாயில்லை. 15 நிமிடம் தொடர்ந்து ஓட்டிவிட்டு இறங்கும்போது விலா எலும்பும் முன்கையும் என்ன சொல்கின்றன என்று கேளுங்கள். ஒவ்வொரு சுற்றையும் ஒரே நேர அளவில் திரும்பத் திரும்ப ஓட்ட முடிகிறதா என்று பாருங்கள். வேகம் பிறகு வரும். அது பிடித்துப்போனால் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ ஒரு பயிற்சி நாள். ரேஸுக்கு நேரே போய்ப் பதியாதீர்கள்.

காப்புறுதி? வீட்டில் கேட்கிறார்கள்.

வீட்டில் கேட்பது சரிதான். ஆயுள் காப்புறுதி ஒப்பந்தங்கள் பலவற்றில் மோட்டார்ப் பந்தயம் விலக்கப்பட்ட பட்டியலில் இருக்கும். உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து, விலக்குகள் என்ற தலைப்பின் கீழ் வாசியுங்கள். முகவரிடம் வாயால் கேட்டு வாயால் பதில் வாங்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். ஏற்பாட்டாளர் எடுக்கும் காப்புறுதி ஓட்டுபவருக்கு எதைத் தரும், எதைத் தராது என்பதையும் பதிவுப் படிவத்தோடு கேளுங்கள். விபத்தில் கார் சேதமானால் வாடகைக்குத் தந்த அணிக்கு நீங்கள் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது வேறு கணக்கு. அதற்கொரு உச்சவரம்பு எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். இந்த மூன்று தாள்களையும் வீட்டில் மேசையில் வைத்துக் கதைத்தால், அனுமதி கிடைக்கும் வாய்ப்பு கொஞ்சம் கூடும். கிடைக்காவிட்டால், நேரக் கணிப்பு மேசையில் எங்களுக்கு எப்போதும் ஆள் குறைவுதான், வாருங்கள்.